ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு மெயில்

1874 செப்டம்பர் 10. இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. இங்கிலாந்தின் கிழக்கே, நார்விச் ஸ்டேஷனில் லண்டனிலிருந்து வரவேண்டிய எக்ஸ்பிரஸ் தாமதம். அது வந்ததும் யார்மத் ஊருக்குப் போகவேண்டும். எதிர்ப்பக்கம் பிரண்டால் என்ற சின்ன ஸ்டேஷனில் ஒரு மெயில் காத்து நின்றது. நடுவில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். எக்ஸ்பிரஸ் இன்னும் வரவில்லையே, மெயிலை முதலில் வரச்சொல்லலாம் என்று நினைத்த இரவுப்பணி அதிகாரி, தந்தி குமாஸ்தாவிடம் செய்தியைச் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. விதிப்படி, கையெழுத்து இல்லாத செய்தி கம்பியில் ஏறக்கூடாது. குமாஸ்தா அதை அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போடாதவரோ அது போயிருக்காது என்ற நினைப்பில் இருந்தார். அதற்குள் எக்ஸ்பிரஸ் வந்தது, புறப்பட்டும் போனது. பிறகுதான் விஷயம் புரிந்து, மெயிலை நிறுத்தச் சொல்லி அவசரத் தந்தி அடித்தார்கள். மெயில் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. மழை இரவில் இரண்டு ரயிலும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள்.

அந்த இரவில் நார்விச்சுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: பாதை எக்ஸ்பிரஸுக்கு. பிரண்டாலுக்கு வேறொரு நம்பிக்கை: பாதை மெயிலுக்கு. தத்தம் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே நியாயமானவைதான். ஒரே நேரத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் கோளாறு.

விபத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1878இல், எட்வர்ட் டையர் என்ற பொறியாளர் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. உள்ளே உலோக வட்டுகள். இரு பெட்டியிலும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு வட்டுதான் வெளியே வரும். அந்த வட்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது. மீட்டர் கேஜ் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் ரயில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் உறவுக்காரர் பழக்கமானவர்: பிளாட்பாரத்தில் ஒருவர் பெரிய வளையத்தை உயர்த்திப் பிடிப்பார், ஓடும் எஞ்சினிலிருந்து நீளும் கை அதைக் கோத்துக்கொண்டு போகும். வளையத்தில் தொங்கும் தோல்பையில் இருந்தது, இந்திய ரயில்வே பயன்படுத்திய நீல் டோக்கன் கருவியின் எஃகு உருண்டை.

நம் பேச்சில் ரயிலும் மெயில், கணினியில் வரும் கடிதமும் மெயில். ரயிலுக்கு அந்தப் பெயர் வந்ததே கடிதங்களைச் சுமந்ததால்தான். இந்த இரண்டாவது மெயிலையும் அதே விபத்து பல ஆண்டுகள் துரத்தியது. கடிதங்கள் காணாமல் போயின, பாதி வெட்டுப்பட்டன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் ஒரு முறை, நண்பர் ஒருவருக்காக, அப்படிச் சிதைந்த அஞ்சல்கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். நண்பர் வெளியூரில் படித்தபோது அவருடைய அப்பா பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. ஒரு கடிதம் ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று தொடங்கி, வாக்கியம் முடிவதற்குள் ஏதோ ஒரு தேர்வு அறிவிப்பின் நடுப்பகுதியாக மாறியிருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை. வைரஸ் இல்லை, டிஸ்கும் பழுதாகவில்லை. இரண்டு புரோகிராம்கள் ஒரே தண்டவாளத்தில் வந்திருந்தன.

எப்படி என்று பார்க்க, அஞ்சல்பெட்டி என்பது என்ன என்ற இடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் நெட்வொர்க் மின்னஞ்சலை அனுப்பியபோது, பெறுபவரின் அஞ்சல்பெட்டி ஒரு சாதாரணக் கோப்புதான். அதற்கு இருந்த ஒரே தனிக்குணம், மற்றவர்கள் அதன் கடைசியில் எழுதிச் சேர்க்கலாம், ஏற்கெனவே இருப்பதைத் தொட முடியாது என்பது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகம் இதே யோசனையை எடுத்துக்கொண்டது. வந்த கடிதமெல்லாம் ஒரே நீளக் கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக. எம்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கடிதமும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வரும் வரியில் தொடங்கும். அந்த வரிதான் வேலி. கடிதம் எழுதுபவரே ஒரு வரியை ‘ஃப்ரம்’ என்று தொடங்கிவிட்டால் வேலி குழம்பிப்போகும் என்பதால், அந்த வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறியை நுழைத்துவிடுவார்கள். பழைய கடிதங்களில் காரணமில்லாமல் நிற்கும் அந்த அம்பைப் பார்த்தவர்கள் உண்டு. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் புரோகிராம் இன்றும் வழக்கமாக இந்த வடிவில்தான் கடிதங்களைச் சேமிக்கிறது.

எளிமையான, அழகான வடிவம் இது. ஒரு குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தில் எழுதுவது போல. சிக்கல், அந்தக் குறிப்பேட்டில் இரண்டு கைகள் எழுதுகின்றன என்பதில் தொடங்குகிறது. ஒன்று விநியோகம் செய்யும் புரோகிராம். அது எப்போது கடிதம் வந்தாலும் கடைசியில் சேர்க்கும்; நடுராத்திரி மூன்று மணிக்கும் சேர்க்கும். மற்றொன்று நீங்கள் கடிதம் படிக்கும் புரோகிராம். நீங்கள் நடுவில் ஒரு கடிதத்தை நீக்கினால், அதற்குப் பின்னுள்ள அத்தனையும் முன்னால் நகரவேண்டும். கோப்பின் நடுவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தெடுக்க வழியில்லை. மீதியைப் படித்து, திரும்ப எழுதி, கடைசியில் கோப்பைச் சுருக்கவேண்டும். அந்த வேலை நடக்கும் கொஞ்ச நேரத்தில் புதுக் கடிதம் ஒன்று வந்துவிட்டால்?

ஆகவே பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு கை. பரஸ்பரம் விலகி நிற்கச் செய்யும் இந்தப் பிரச்சினையைக் கணினியியலில் தெளிவாக வகுத்துக் காட்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1965இல் வெளிவந்த அவரது கட்டுரை மிகச் சிறியது. அவர் உருவாக்கிய கருவி ஒன்றுக்கு ரயில்வே கைகாட்டியின் பெயரான செமஃபோர் என்பதையே வைத்தார்.

அஞ்சல் கோப்புகளுக்கு வந்த பூட்டுகளில் மிகப் பழையதும் மிக எளியதும் ‘டாட்லாக்’. கோப்பின் பெயரோடு ‘.லாக்’ என்று ஒட்டி ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குவது, அது ஏற்கெனவே இருந்தால் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள், காத்திரு. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அறிவது போல. பிறகு இயங்குதளமே தரும் பூட்டுகள் வந்தன: பெர்க்லி யூனிக்ஸில் ‘எஃப்லாக்’ என்று ஒன்று, சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியிலும் பாசிக்ஸ் தரநிலையிலும் ‘எஃப்கன்ட்ரோல்’ என்று இன்னொன்று. இந்தப் பூட்டுகள் எதுவும் கதவை அடைப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூனிக்ஸில் இவை பெரும்பாலும் ஊர்க் கட்டுப்பாடு போன்றவை. மதிப்பவர்களுக்கு மட்டும் பூட்டு. மதிக்காத புரோகிராம் நேரே உள்ளே போய் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

விநியோகப் புரோகிராம் செருப்பைப் பார்த்து நிற்கிறது. படிக்கும் புரோகிராமோ எஃப்லாக்கை மட்டும் பார்க்கிறது என்றால், இருவரும் ஒழுங்காகப் பூட்டுப் போட்டுவிட்டே ஒருவர்மேல் ஒருவர் எழுதுவார்கள். சரி, இரண்டு பூட்டையும் போடலாம் என்றால், ஒருவர் முதலில் அதைப் போட்டு இதற்குக் காத்திருக்க, மற்றவர் இதைப் போட்டு அதற்குக் காத்திருக்க, இருவருமே விடிய விடிய நிற்பார்கள். எஃப்கன்ட்ரோல் பூட்டில் இன்னொரு பொல்லாத குணம் உண்டு. ஒரு புரோகிராம் ஒரே கோப்பை இரண்டு முறை திறந்து வைத்திருந்து, அதில் ஒன்றை மூடினால் போதும், அந்தக் கோப்பின்மேல் அது வைத்திருந்த எல்லாப் பூட்டும் சத்தமில்லாமல் கழன்றுவிடும். தரநிலையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. எத்தனை பேருடைய இரவுகளை இந்த ஒரு விதி தின்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஒரே கணினிக்குள் நடப்பவை. அங்கே கடைசியில் ஒரு நடுவர் இருக்கிறார்: இயங்குதளத்தின் மையம். அவர் எல்லோரையும் பார்க்கிறார். ஒருவர் செத்தால் அவருக்குத் தெரியும்; செத்தவர் கையிலிருந்த பூட்டை வாங்கி வைத்துக்கொள்வார். நெட்வொர்க்கில் அந்த நடுவர் இல்லை.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற முறையை உருவாக்கியது. வேறெங்கோ இருக்கும் சர்வரின் டிஸ்க், உங்கள் மேசையில் இருக்கும் கணினியின் டிஸ்க் போலவே தெரியும். பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய வரம். மாணவர் எந்த அறையில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகள் அங்கே இருக்கும், அஞ்சல்பெட்டியும் சேர்த்து. என்.எஃப்.எஸ். வடிவமைத்தவர்கள் துணிச்சலான முடிவொன்றை எடுத்தார்கள்: சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையானது: ‘இந்தக் கோப்பில், 8,192ஆவது பைட்டிலிருந்து, இவ்வளவு கொடு.’ பதில் வரவில்லையா, திரும்பக் கேள். சர்வர் நின்றுபோய் மறுபடி எழுந்தால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை; மேசைக் கணினிகள் கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கும், பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் போய்ப்போய் வரும் இடத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

ஆனால் பூட்டு என்பதே ஒரு நினைவு. ‘இது இப்போது இன்னாரிடம் இருக்கிறது’ என்று யாராவது எங்காவது நினைவில் வைத்திருந்தால்தான் அது பூட்டு. மறதியை அடித்தளமாகக் கொண்ட கட்டடத்தில் பூட்டுக்கு இடமில்லை. அதனால் பூட்டு வேலையை என்.எஃப்.எஸ்ஸுக்கு வெளியே, தனிப் புரோகிராம்களிடம் ஒப்படைத்தார்கள். அவை சில இடங்களில் இயங்கின, சில இடங்களில் இயங்கவில்லை. யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸில் 2005 வரை, என்.எஃப்.எஸ். கோப்பின்மேல் எஃப்லாக் போட்டால் அது அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லும். சர்வருக்குச் செய்தியே போகாது. இரண்டு கணினிகள் ஒரே பெட்டியைப் பூட்டும். இரண்டுக்கும் ‘பூட்டு கிடைத்தது’ என்ற பதில் வரும். நார்விச்சும் பிரண்டாலும்தான்.

அப்படியானால் பழைய செருப்புப் பூட்டுக்கே போகலாமே? அது கோப்புதானே, சர்வரில்தானே உருவாகிறது? இங்கேதான் மிக நுட்பமான பகுதி வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

‘இந்தப் பெயரில் கோப்பு இல்லையென்றால் மட்டும் உருவாக்கு’ என்பது ஒரே மூச்சில் நடக்கவேண்டிய வேலை. என்.எஃப்.எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் அது ஒரே மூச்சில் நடக்கவில்லை. மேசைக் கணினி முதலில் ‘இருக்கிறதா?’ என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தபின் ‘உருவாக்கு’ என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் இன்னொரு கணினியும் ‘இருக்கிறதா?’ என்று கேட்டு ‘இல்லை’ என்ற அதே பதிலை வாங்கியிருக்கும். பிறகு இரண்டும் உருவாக்கும். இரண்டும் உள்ளே போகும்.

இதைவிட விசித்திரமானது பதில் தொலைந்துபோவது. ‘உருவாக்கு’ என்ற கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. சர்வர் உருவாக்கியது. ‘ஆயிற்று’ என்ற பதில் வழியில் தொலைந்தது. கேட்ட கணினி காத்துப் பார்த்துவிட்டு அதையே திரும்ப அனுப்புகிறது. சர்வருக்குத்தான் நினைவு இல்லையே. அது பார்க்கிறது, அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது. ‘ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது’ என்று பதில் சொல்கிறது. பூட்டியவரே வாசலில் நின்று, தான் விட்ட செருப்பைப் பார்த்து, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று காத்திருக்கிறார்.

இது என்.எஃப்.எஸ். செய்த தவறு மட்டுமல்ல. 1978இல் ஜிம் கிரே ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயரிட்ட புதிர் இதன் மூலவேர். இரண்டு மலையில் இரண்டு படை. சேர்ந்து தாக்கினால் வெற்றி. தனியே தாக்கினால் அழிவு. நடுவில் ஓடும் தூதர் பிடிபடலாம். ‘விடிந்ததும் தாக்குவோம்’ என்று செய்தி அனுப்பினால், அது சேர்ந்ததா என்று தெரியாது. ‘சேர்ந்தது’ என்ற பதில் வந்தால், பதில் சேர்ந்ததா என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. எத்தனை தூதரை ஓடவிட்டாலும் கடைசித் தூதரைப் பற்றிய சந்தேகம் தீராது என்பதைக் கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள். மௌனத்துக்கு ‘நடக்கவில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘நடந்தது, சொல்ல வந்தவன் வழியில் விழுந்தான்’ என்றும் பொருள் கொள்ளலாம்.

இதற்கு யூனிக்ஸ்காரர்கள் கண்ட தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. யூனிக்ஸில் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கலாம். பள்ளிக்கூடப் பெயரும் வீட்டுப் பெயரும் போல, ஆள் ஒன்றுதான். எத்தனை பெயர் இருக்கிறது என்ற எண்ணிக்கையும் கோப்போடு பதிந்திருக்கும். இப்போது, பூட்ட விரும்பும் புரோகிராம் வேறு யாருக்கும் வரமுடியாத தனிப்பெயரில் ஒரு கோப்பை உருவாக்குகிறது. கணினியின் பெயரும் தன் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்தால் போதும். பிறகு, ‘இதற்கு இரண்டாவது பெயராகப் பூட்டின் பெயரை வை’ என்று சர்வரிடம் கேட்கிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவருக்கு இருந்தால் சர்வர் மறுக்கும். பதில் வரலாம், வராமல் போகலாம், தப்பாகவும் வரலாம். புரோகிராம் அந்தப் பதிலை நம்புவதே இல்லை. தன் தனிக்கோப்பைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: உனக்கு எத்தனை பெயர்? இரண்டு என்றால் பூட்டு தன்னிடம். ஒன்று என்றால் இல்லை. ‘நீ செய்தாயா?’ என்ற கேள்விக்கு வரும் பதில் தொலையலாம். ‘இப்போது நிலைமை என்ன?’ என்ற கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் கெடுதல் இல்லை. லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களில் இந்த வழி நான்கைந்து வரியில் இருக்கிறது. முதன்முறை படித்தபோது, கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

பூட்டு கிடைத்துவிட்டாலும் அபாயம் தீரவில்லை. கோப்பின் கடைசியில் சேர்ப்பது என்ற செயலே என்.எஃப்.எஸ்ஸில் இல்லை. ‘இத்தனையாவது பைட்டில் எழுது’ என்று மட்டும்தான் சொல்லமுடியும். கடைசி எது என்பதை மேசைக் கணினியே கணக்கிடவேண்டும், அதுவும் தன் நினைவில் வைத்திருக்கும் நீளத்தை வைத்து. ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டால் தாமதமாகும் என்பதால் அந்தத் தகவலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கும்: லினக்ஸில் வழக்கமாக 3 வினாடியிலிருந்து 60 வினாடிவரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அஞ்சல்பெட்டி 50,000 பைட். நீங்கள் 10,000 பைட் உள்ள ஒரு கடிதத்தை நீக்குகிறீர்கள். பெட்டி 40,000 ஆகிறது. வேறொரு கணினியில் விநியோகப் புரோகிராம் பழைய நீளத்தை நம்பி, புதுக்கடிதத்தை 50,000இல் எழுதுகிறது. நடுவில் 10,000 பைட் பள்ளம். அந்தப் பள்ளத்தைச் சுழியங்கள் நிரப்பும். சிதைந்த அஞ்சல்கோப்பைத் திறந்தவர்கள் நடுவே நீண்டுகிடக்கும் அந்த வெறுமையைப் பார்த்திருப்பார்கள். மாறாக, ஒரே கடைசியை நம்பி இரண்டு கணினிகள் இரண்டு கடிதத்தை எழுதினால், பின்னால் வந்தது முன்னால் வந்ததன்மேல் படியும். நீளமான கடிதத்தின் தலை போய், வால் மட்டும் குட்டைக் கடிதத்தின் கீழே ஒட்டி நிற்கும். இரண்டும் துண்டுதுண்டாக எழுதப்பட்டால், ஒன்றின் தலையோடு மற்றதன் நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளும்; நண்பரின் அப்பா எழுதிய வரிகளுக்குக் கீழே தேர்வு அறிவிப்பு வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பூட்டியவர் இறந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. கணினி அணைந்துவிடும், செருப்பு வாசலிலேயே கிடக்கும். சில நிமிடம் கடந்த பூட்டை உடைக்கலாம் என்று வழக்கம். ஆனால் எந்தக் கடிகாரப்படி சில நிமிடம்? கோப்பில் பதிந்திருப்பது சர்வரின் நேரம். நீங்கள் பார்ப்பது உங்கள் கணினியின் நேரம். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் உயிரோடு இருப்பவரின் பூட்டை உடைத்துவிடுவீர்கள். விஷயம் தெரிந்த புரோகிராம்கள், தாங்களும் சர்வரில் ஒரு கோப்பை அந்த நேரம் உருவாக்கி, அதில் பதிந்த நேரத்தோடு பழைய பூட்டின் நேரத்தை ஒப்பிடும். இரண்டும் ஒரே கடிகாரத்தில் எழுதியவை.

இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் வேறு இடத்திலிருந்து யோசித்தார். 1990களின் நடுவில் அவர் எழுதிய கியூமெயில் என்ற அஞ்சல் சர்வரோடு ‘மெயில்டிர்’ என்ற வடிவம் வந்தது. பூட்டை எப்படிச் சரியாகப் போடுவது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேர் ஒரே கோப்பைத் தொடவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரே நீளக் குறிப்பேட்டிலிருந்து. அப்படியென்றால் குறிப்பேட்டையே பிரித்துவிடலாம். ஒரு கடிதம், ஒரு கோப்பு.

ஒரு பயனருக்கு மூன்று அறைகள்: டெம்ப், நியூ, கர். வரும் கடிதத்தை விநியோகப் புரோகிராம் டெம்ப் அறையில் ஒரு தனிப்பெயரில் எழுதுகிறது. முழுவதும் எழுதி, டிஸ்கில் பதிந்துவிட்டதை உறுதி செய்தபின், நியூ அறைக்கு அதன் பெயரை மாற்றுகிறது. பெயர் மாற்றம் சர்வரில் ஒரே மூச்சில் நடக்கும். பாதிப் பெயர் மாற்றம் என்று ஒன்று இல்லை. படிக்கும் புரோகிராம் டெம்ப் அறையை எட்டிப்பார்ப்பதே இல்லை. அதனால் அதன் கண்ணுக்குப் பாதிக் கடிதம் படவே முடியாது. படிக்கும் புரோகிராம் பார்த்தபின் கடிதம் கர் அறைக்குப் போகும். படித்தாயிற்றா, பதில் எழுதியாயிற்றா என்ற அடையாளங்கள்கூடக் கோப்பின் பெயரிலேயே, கடைசியில் ஒற்றை எழுத்துகளாக ஒட்டியிருக்கும். ஒரு கடிதத்தை நீக்க ஒரு கோப்பை நீக்கினால் போதும், வேறெதுவும் நகரவேண்டியதில்லை. எழுதும்போது கணினி அணைந்துவிட்டால் டெம்ப் அறையில் அரைகுறைக் கோப்பு ஒன்று கிடக்கும். 36 மணிநேரமாக யாரும் தொடாத கோப்புகளை அங்கிருந்து பெருக்கித் தள்ளலாம் என்று ஒரு விதி.

எல்லாம் அந்தத் தனிப்பெயரில் நிற்கிறது. தொடக்கத்தில் அது மூன்று துண்டு: 1970 முதல் எண்ணிய வினாடிகள், புரோகிராமின் எண், கணினியின் பெயர். ஒரே கணினியில், ஒரே வினாடிக்குள், ஒரே எண் இரண்டு முறை வராது என்ற நம்பிக்கை. கணினிகள் வேகமானபோது அந்த நம்பிக்கை போதவில்லை. மைக்ரோ வினாடியும் வரிசை எண்ணும் சேர்ந்துகொண்டன. பூட்டு செய்துகொண்டிருந்த வேலையைப் பெயர் செய்கிறது. யாரோடும் பேசாமல், யாரையும் கேட்காமல், தனக்கு மட்டுமான பெயரை ஒவ்வொரு புரோகிராமும் தானே உண்டாக்கிக்கொள்ள முடிகிறது. தந்தியே தேவைப்படாத ஸ்டேஷன்.

பதில் தொலைந்தால் இங்கே என்ன நடக்கும்? பெயர் மாறியிருக்கும்; ‘ஆயிற்று’ என்ற செய்தி வழியில் விழுந்திருக்கும். விநியோகப் புரோகிராம் தோற்றதாக நினைத்து, கடிதத்தைப் பிறகு இன்னொரு முறை கொண்டுவரும். அதே கடிதம் இரண்டு முறை கிடைக்கும். அவ்வளவுதான் கெடுதல். அஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் கடிதத்தைக் கைமாற்றும்போதும் இதே தளபதிகள் பிரச்சினை உண்டு. 1988இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இரட்டைக் கடிதங்களைப் பற்றி மட்டும் ஒரு இணையத் தரக்குறிப்பே எழுதினார். சந்தேகம் வந்தால் திரும்ப அனுப்பு, தொலைத்துவிடாதே என்பது மின்னஞ்சலின் பழைய ஒழுக்கம். சில நேரம் ஒரே கடிதம் இரண்டு முறை வந்து நம்மை எரிச்சலூட்டுவது அந்த ஒழுக்கத்தின் விளைவு.

மெயில்டிர் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அடையாளம் மாறும்போது கோப்பின் பெயர் மாறுகிறது. அந்த நேரம் பார்த்து இன்னொரு புரோகிராம் அறையைப் பட்டியலிட்டால், அந்தக் கடிதம் பட்டியலில் இல்லாமல் போகலாம், அடுத்த முறை திரும்பிவரலாம். லட்சம் கடிதம் என்றால் லட்சம் கோப்பு; பட்டியலிடவே நேரமாகும். வேகத்துக்காக டவ்காட் போன்ற அஞ்சல் சர்வர்கள் தனி அட்டவணைக் கோப்புகள் வைத்தன. அவை பலரும் தொடும் ஒற்றைக் கோப்புகள். வாசல் வழியே துரத்திய பூட்டு கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. என்.எஃப்.எஸ்ஸில் டவ்காட் நடத்துபவர்களுக்கு அதை உருவாக்கியவர்கள் சொன்ன அறிவுரை, ஒரு பயனரின் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்குத் திருப்பிவிடுங்கள் என்பது. அதாவது ஒரு பாதைக்கு ஒரு வண்டி. டையரின் வட்டு.

என்.எஃப்.எஸ்ஸும் மாறியது. 2000இல் விவரிக்கப்பட்ட நான்காம் பதிப்பு, பூட்டை உள்ளேயே எடுத்துக்கொண்டது. அங்கே பூட்டு ஒரு குத்தகை. 1989இல் ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் முன்வைத்த யோசனை இது: உரிமையைக் கெடுவோடு கொடு. மேசைக் கணினி அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று சொல்லிப் புதுப்பிக்கவேண்டும்; லினக்ஸ் சர்வரில் வழக்கமான கெடு 90 வினாடி. புதுப்பிக்காவிட்டால் பூட்டு சர்வருக்கே திரும்பிவிடும். இறந்தவரின் செருப்பு வாசலில் கிடக்காது.

இதெல்லாம் பெரிய சர்வர்களின் கதை என்று தோன்றலாம். ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்திலும் இது நடக்கிறது. அவுட்லுக் கடிதங்களைச் சேமிக்கும் பி.எஸ்.டி. கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துவிட்டு, இரண்டு கணினியிலிருந்து திறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நெட்வொர்க் வழியாக அந்தக் கோப்பை நேரடியாகப் பயன்படுத்தக்கூடாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. தண்டர்பேர்டின் ஃபோல்டரை அப்படியே பகிர்ந்த டிஸ்கிலோ, தானாக ஒத்திசையும் மேகச் சேமிப்பிலோ வைப்பதும் அதே வகை. அஞ்சல் பல கணினியிலிருந்து வேண்டுமென்றால் அதற்கென்றே ஐமேப் என்ற முறை இருக்கிறது. மார்க் கிறிஸ்பின் 1986இல் வடிவமைத்தது. அதில் கோப்பு நெட்வொர்க்கில் பயணம் செய்வதில்லை; கேள்வியும் பதிலும் மட்டும் பயணம் செய்கின்றன. கோப்பைத் தொடும் கை ஒன்றுதான், சர்வரில் இருப்பது. பகிர்ந்த டிஸ்கில் வைக்கவேண்டியது காப்புப் பிரதியை மட்டும், அதுவும் புரோகிராமை மூடியபின் எடுத்த பிரதியை.

ஏற்கெனவே சிதைந்துவிட்டது என்றால் பதற வேண்டாம். முதலில் அஞ்சல் புரோகிராமை நிறுத்துங்கள். அது தானாகச் சரிசெய்யப் போய் மேலும் எழுதிவிடக்கூடாது. கோப்புக்கு ஒரு பிரதி எடுங்கள், கைவைப்பதெல்லாம் பிரதியில். எம்பாக்ஸ் என்றால் அது வெறும் எழுத்து. எந்த எடிட்டரிலும் திறக்கும். சேதம் பெரும்பாலும் மோதல் நடந்த ஒட்டில் மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் கடிதங்கள் அப்படியே இருக்கும். சுழியப் பள்ளம் இருந்தால் அதை நீக்கி, அடுத்த ‘ஃப்ரம்’ வரி புதிய வரியில், மேலே ஒரு வெற்று வரியோடு தொடங்கும்படி செய்தால், அங்கிருந்து மீதிக் கடிதங்கள் எழுந்து உட்காரும்.

நண்பரின் கோப்பில் அப்படித்தான் செய்தோம். மூன்று ஒட்டுகள் இருந்தன. வெட்டிச் சரிசெய்ய ஒரு மாலை ஆனது. தேர்வு அறிவிப்பு மேலே படிந்த அந்த ஒரு கடிதத்தின் மீதி வரிகள் எங்கும் இல்லை. அவை இருந்த பைட்டுகளில்தான் அறிவிப்பு உட்கார்ந்திருக்கிறது. மற்றவை எல்லாம் கிடைத்தன. அவற்றை மெயில்டிர் வடிவத்துக்கு மாற்றிக்கொடுத்தேன். இப்போது அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொன்றும் தனிக்கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று தொடங்கும் கடிதத்தை, பாதியில் நிற்கும்படியே, அவர் வைத்திருக்கிறார்.